நாற்காலிக்கு வராத உருமி

மூன்றாவது பெட்டியை வாங்கி வந்த அன்று என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. முதல் பெட்டிக்கு விலை கேட்டாள். இரண்டாவது பெட்டிக்குச் சண்டை போட்டாள். மூன்றாவதற்குக் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த ஆள் இனித் திருந்த மாட்டான் என்று முடிவுகட்டிய பெண்களுக்கு வருகிற அமைதி அது. கோப்பி ஆறிப் போகும்வரை நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி என்று சொல்வது டேக். ஆடியோ பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கணினியிலும் கைப்பேசியிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. எண்கள் ஸ்பீக்கருக்குப் புரியாது. அதற்கு ஏறி இறங்கும் மின்சாரம் வேண்டும். எண்ணை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதுதான் டேக்கின் வேலை. விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒன்று எல்லாக் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. அதையே தனியாக எடுத்து, சுத்தமான மின்சாரம் கொடுத்து, அலுமினியப் பெட்டிக்குள் வைத்து விற்றால் வாங்குவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் சங்கீத ஞானம் இல்லை. என் தம்பி வாசித்த உருமியில் பேஸ், அதாவது அந்த அடிக்கனமான சத்தம், கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தம்பிக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் மோட்டார் சைக்கிளில் திரும்புவான். விடுமுறை நாளில் உருமி மேளக் குழுவோடு கோயில் கோயிலாகப் போவான். நாங்கள் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே கோயில் திருவிழாவில் யாரோ தோளில் மாட்டிவிட்ட உருமியை அவன் பிறகு இறக்கவே இல்லை. அந்த மேளத்துக்கு இரண்டு முகம். ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவார்கள், மற்றதை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது அது உறுமும். பக்கத்தில் நின்றால் காதுக்கு முன்னால் வயிற்றுக்குத்தான் தெரியும். சாமி வந்து ஆடுகிறவர்களை ஆட வைப்பது அந்த உறுமல்தான் என்று குழுவில் சொல்வார்கள். எனக்குச் சாமியெல்லாம் வந்ததில்லை, ஆனால் தம்பி தேய்க்கும்போது வயிறு குழைவதை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன்.

போன வருடம் வேலை முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரு லோரியின் பின்னால் மோதி அவன் போய்ச் சேர்ந்தான். மருத்துவமனையில் அடையாளம் காட்டியது நான். போலீஸ் நிலையம், பிணவறை, சுடுகாட்டு அனுமதி எல்லாவற்றுக்கும் அலைந்ததும் நான். எவ்வளவு தைரியமான ஆள் என்று சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் பாதி வாய் நம்முடையதாக இல்லாமல் போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அந்த ஊசியின் மரப்பு இறங்கவே இல்லை.

அவனைத் தூக்கும்போது அவன் குழுவே வந்து உருமி வாசித்தது. தாமானே, எங்கள் குடியிருப்பு முழுக்கவே, அழுதது, மலாய்க்காரப் பக்கத்து வீட்டுப் பாட்டிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார் என்று பிறகு சொன்னார்கள். நான் அந்த நேரத்தில் தெருமுனையில் நின்று, கூடாரக் கம்பி ஏற்றிவந்த லோரிக்காரனோடு கத்திக்கொண்டிருந்தேன். அவன் வண்டி சவ வண்டியை மறித்துக்கொண்டு நின்றது. வண்டியை எடுக்க வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசிப்பு முடிந்துவிட்டது. நான் அழாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். உருமியைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், கேட்கவில்லை, அதனால் அழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து குழுவிலிருந்து ஒருவர் பென்டிரைவ் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முந்தின தீபாவளிக்கு அவர்கள் ஒரு ஸ்டூடியோவில் முறையாகப் பதிவு செய்த வாசிப்பு. கைப்பேசியில் பிடித்தது இல்லை, நல்ல மைக் வைத்து எடுத்தது. அதைக் கேட்டால் போதும், இறுகிக் கிடப்பது அவிழ்ந்துவிடும் என்று நம்பினேன். வேறு எதற்காகவும் நான் எதையும் வாங்கவில்லை. எனக்கு என் தம்பிக்காக அழவேண்டியிருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆம்ப்ளிஃபையரும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. பினாங்குக்கு மாறிப் போன சக ஊழியர் தள்ளிவிட்டுப் போனவை. மடிக்கணினியை அதில் மாட்டி, கைப்பேசியிலிருந்தே ஓடவிடும்படி செய்தேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"வருசம் திரும்பல. வீட்டுல மேளம் போடுறீங்க. யாராச்சும் கேட்டா என்னா சொல்வாங்க?"

"அவன் மேளம்தானே. வேற யாரோடதும் இல்லலா."

 நான் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டினேன். மேளம் வந்தது, தாளம் வந்தது, பின்னால் கூவுகிறவர்களின் குரல் வந்தது. உருமியின் தட்டல் வந்தது. உறுமல் மட்டும் வரவில்லை. தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒன்று கேட்டது. அதுதான் என் தம்பி என்று என்னால் நம்ப முடியவில்லை.

செனாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எங்கே கோளாறு என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மடிக்கணினியின் காதுக்குழாய்த் துளையிலிருந்து வரும் சத்தம் மட்டமானது என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் சந்தேகம் டேக்மேல் விழுந்தது. ஆடியோ ஆர்வலர்கள் கைப்பேசிக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே பேஸில் எத்தனை வகை என்று பார்த்து மலைத்துப் போனேன். இறுக்கமான பேஸ், தளர்ந்த பேஸ், வேகமான பேஸ், ஈரமான பேஸ். ஈரமான பேஸ் என்றால் என்னவென்று இன்றுவரை நான் யாரையும் கேட்கவில்லை.

முதல் பெட்டி மலிவானது, தபாலில் வந்தது. உறுமல் வரவில்லை. திறந்து பார்த்தேன், ஒரு குற்றவாளியும் கிடைத்தான். டேக்கிலிருந்து மின்சாரம் வெளியே போகும் வாசலில் ஒரு கப்பாசிட்டர் வைப்பார்கள். ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும் மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. அது சின்னதாக இருந்தால், மெதுவாக ஏறி இறங்குவதையும் நிற்கிறதென்று நினைத்துத் தடுத்துவிடும். பேஸ் என்பதே மெதுவாக ஏறி இறங்குவதுதான். இந்தப் பெட்டிக்காரன் காசை மிச்சம் பிடிக்க மிளகு அளவில் ஒன்றை வைத்திருந்தான். அதைப் பிடுங்கிவிட்டுப் பெரியதாக ஒன்றைப் பற்றவைத்தேன். இனி வந்துவிடும் என்று உட்கார்ந்தேன். உறுமல் வரவில்லை.

இரண்டாவது பெட்டியை ஜேபி நகரத்தில் ஒரு சீனர் கடையில் வாங்கினேன். இதைப் போட்டால் பேஸ் நெஞ்சில் வந்து உட்காரும் என்று அவர் மலாயில் சத்தியம் செய்தார். கடையில் கேட்டபோது வந்து உட்காரத்தான் செய்தது. வீட்டிலும் முதல் நாள் கொஞ்சம் கனம் தெரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் தொழிற்சாலைப் புத்தி விழித்துக்கொண்டது. இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசமே இல்லை. புதியது வெளியே தள்ளும் மின்சாரம் கொஞ்சம் அதிகம், அதனால் சத்தம் அதிகம், சத்தம் அதிகமானால் காது முதலில் அதைப் பேஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கடையில் அது வந்தது.

ஒருநாள் சாயந்தரம் உண்மையாகவே வந்துவிட்டது என்று நினைத்தேன். மேளத்துக்கு அடியில் நீளமாக, தடியாக ஒரு முனகல். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசிப்பு முடிந்தது, முனகல் முடியவில்லை. வீட்டு மின்சாரத்தின் இரைச்சல், எர்த் கம்பி சரியில்லாமல் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது. கம்பியைச் சரிசெய்தேன், முனகலும் போனது. அதைக்கூடக் கெடுத்துக்கொண்டோமே என்று ஒரு கணம் தோன்றியது, அந்த அளவுக்கு ஆகியிருந்தேன்.

தினமும் இப்படித்தான் போயிற்று. வேலை முடிந்து வந்து, குளித்து, விளக்கு வைத்த பிறகு நாற்காலியில் உட்காருவேன். நாற்காலி ஹாலில் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் மேலே காற்றாடி இருக்கிறது. கூலாய் வெயிலில் வாழ்கிறவனுக்கு ஸ்பீக்கரைவிடக் காற்றாடிதான் முக்கியம். எனக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளிச் சுவர். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர். ஓடவிட்டால் முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன். தம்பி வாசிக்கிறான், நடுவில் எழுந்து போகக் கூடாது என்று ஒரு வீம்பு. உறுமல் வரட்டும் என்று பேஸ் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்திருந்தேன்.

"அடுப்படில தட்டெல்லாம் கடகடன்னு ஆடுதுங்க," என்பாள் மனைவி. "கொஞ்சம் கொறைங்களேன்."

"பேஸே இல்ல, எங்கேருந்து ஆடும்? உனக்கு இது புடிக்கல, அத நேரா சொல்லு."

"அலமாக், இந்த ஆளுகிட்ட பேச முடியாதுலா."

நாங்கள் இருப்பது ஒற்றை மாடி வரிசை வீடு. எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. அவன் கல்யாணம் ஆனதும் அடம் பிடித்துப் பக்கத்திலேயே வாங்கினான். இப்போது அங்கே அவன் மனைவி மட்டும் இருக்கிறாள். பெக்கோக் பக்கத்துப் பெண். எங்கள் பக்கம் தம்பி மனைவி மூத்தாரோடு, அதாவது புருசனின் அண்ணனோடு, நேருக்கு நேர் பேச மாட்டாள். நான் முன்னாலேயே நின்றாலும், "அக்கா, மாமாவ சாப்பிடச் சொல்லுங்க" என்று என் மனைவியிடம்தான் சொல்வாள். நானும் என் மனைவியிடம்தான், "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். மூன்று பேரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றுகொண்டு இந்தக் கூத்தை நடத்துவோம். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மைக் வைக்கட்டுமா என்பான். அவன் போன பிறகு அவள் என் முன்னால் வருவதையே விட்டுவிட்டாள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பதெல்லாம் எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும்.

அவள் அம்மா பெக்கோக்கிலிருந்து மாதம் தவறாமல் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிடு, தனியாக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இங்கே கிளினிக்கில் வேலை இருக்கிறது என்று காரணம் சொன்னாளாம். அந்த மாதிரி கிளினிக் பெக்கோக்கிலும் உண்டு என்று என் மனைவி சொன்னாள். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் மூன்றாவது பெட்டியைப் பற்றித்தான்.

மூன்றாவது பெட்டி கனமாக இருந்தது. ஆடியோ குழுவில் எல்லோரும் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவதுபோல எழுதுவார்கள். உள்ளே மின்சாரத்துக்குத் தனி ஏற்பாடு, எண்களை நேரம் பிசகாமல் ஓட்டும் கடிகாரத்துக்குத் தனி ஏற்பாடு, வாசலில் கப்பாசிட்டரே கிடையாது. தட்டல்கள் கத்தரித்த மாதிரி சுத்தமாக வந்தன. பக்கத்தில் ஒருவன் இருமுவதுகூடக் கேட்டது. உறுமல் வரவில்லை.

அதற்கு மறுவாரம் மூன்று பெட்டிகளையும் பையில் போட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் சோதனை மேசையில் ஒவ்வொன்றாக வைத்து, தாழ்ந்த சுரங்களைக் கொடுத்துத் திரையில் அலையைப் பார்த்தேன். உருமி உறுமும் இடத்தில் சரியாகப் பார்த்தேன். அதற்குக் கீழேயும் பார்த்தேன். அலையின் உயரம் மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தது. நான் கப்பாசிட்டர் மாற்றிய மலிவுப் பெட்டியும் விலை உயர்ந்த பெட்டிக்குச் சளைக்கவில்லை. பென்டிரைவில் இருந்த தம்பியின் பதிவையே ஓடவிட்டேன். உறுமல் வரும் இடமெல்லாம் திரையில் பெரிய பெரிய மலைகளாக எழுந்து விழுந்தன. பக்கத்து மேசை மலாய்ப் பையன் எட்டிப் பார்த்து இது என்ன என்று கேட்டான். என் தம்பி என்று சொன்னேன்.

ஆக, பதிவில் இருக்கிறது, டேக்கிலிருந்து வெளியே வருகிறது. ஆம்ப்ளிஃபையரையும் சோதித்தேன், அதுவும் ஒழுங்கு. சாயந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தேன். அதன் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடுகிறது. வருகிறது, ஆனால் எனக்குக் கேட்கவில்லை. வருடா வருடம் தொழிற்சாலையில் செவிச் சோதனை செய்வார்கள், அதிலும் என் காது சரியாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். கோளாறு தேடும்போது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பதுதான் கோளாறு. மருத்துவமனையில் துணியை விலக்கிக் காட்டினார்களே, அந்த நிமிடத்திலேயே எனக்குள் ஏதோ ஒன்று எரிந்து போய்விட்டது, இனி என் தம்பியை நான் கேட்கவே போவதில்லை என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானமும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மறுநாள் கம்பிகளைக் கழற்றினேன். மூன்று பெட்டிகளையும் அட்டைக்குள் வைத்து, விற்பனைக்கு என்று ஆடியோ குழுவில் படம் போட்டேன். சாயந்தரங்களில் தொலைக்காட்சியில் செய்தி பார்க்க ஆரம்பித்தேன். வீடு அமைதியாக இருக்கிறது என்று மனைவி சொல்வாள் என எதிர்பார்த்தேன்.  இரண்டு வாரம் கழித்துச் சாப்பாடு போடும்போது, "தங்கச்சி பெக்கோக் போறாளாம்" என்றாள்.

"எப்போ?"

"அடுத்த வாரம். அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க. இவ்ளோ நாளு மாட்டேன்னவ, இப்ப அவளே போன் பண்ணி வரச் சொல்லியிருக்கா."

"சரி," என்றேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே யாரோ, "மாமா" என்றார்கள். தம்பி மனைவி. நான் வழக்கம்போலத் திரும்பி மனைவியைத் தேடினேன்.

"அக்கா பின்னால இருக்கா," என்றேன், பொதுவாகக் காற்றைப் பார்த்து.

"உங்ககிட்டதான் பேசணும், மாமா."

துணியைப் பக்கெட்டில் போட்டேன். மெலிந்து போயிருந்தாள். ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாயந்தரத்துல அவரு மேளம் போடுவீங்களே. ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

எனக்கு முகம் சுட்டது. "அங்க கேட்டுச்சா? தொந்தரவா இருந்துச்சாம்மா?"

"மொத நாளு செவுத்துல மண்டைய முட்டிக்கலாம் போல இருந்துச்சு. அக்காகிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லலாம்னு இந்த கேட்டு வரைக்கும் வந்தேன். உங்கள திட்டிகிட்டே வந்தேன். அப்புறம் திரும்பிட்டேன்." கேட்டுக் கம்பியை மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள். "ரெண்டு மூனு நாளு கழிச்சு கட்டில செவுத்தோரமா இழுத்துப் போட்டேன். கிளினிக்லேருந்து வந்து குளிச்சிட்டு படுத்துக்குவேன். பாட்டு, மத்த மேளம் எதுவும் கேக்காது மாமா. அவரு உருமி மட்டும்தான் கேக்கும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுவரை நான் அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

"கேட்டுகிட்டு இருக்கிற வரைக்கும், இவரு அண்ணன் வீட்டுல உக்காந்து வாசிச்சிகிட்டு இருக்காரு, முடிச்சிட்டு வந்துருவாருன்னு இருக்கும். அப்படியே தூங்கிருவேன். நீங்க நிறுத்தினீங்களா, அதுக்கப்புறந்தான் மாமா, அவரு செத்துப் போயிட்டாருன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு."

தெருவில் ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். 

"எனக்கு அந்த உருமி கேக்கவே இல்லம்மா," என்றேன். "எல்லாம் மாத்திப் பாத்துட்டேன். கேக்கல. அதான் கழட்டி வெச்சிட்டேன்."

"கேக்கலயா?" பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க ரூம்பு ஜன்னல் கண்ணாடி ஆடும் மாமா. மெத்தைல தெரியும். போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ போடுங்க. நீங்களும் அங்க வந்து கேளுங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்ச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிற ஸ்பீக்கர். மெல்லிய செங்கல் சுவர் கூர்மையான சத்தத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு பேஸை மட்டும் விட்டுவிடும். என் பக்கத்தில், ஸ்பீக்கரிலிருந்து வரும் உறுமல் என்னைத் தாண்டிப் பின்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. வருவதும் திரும்புவதும் எங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமோ, சரியாக அந்த இடத்தில் காற்றாடிக்குக் கீழே என் நாற்காலி. டேக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்திருந்தால் போதும், அடுப்படி வாசலிலேயே கேட்டிருக்கும். தட்டு ஆடுகிறது என்று ஒருத்தி தலைபாடாக அடித்துக்கொண்டாள். சோதனை மேசையில் நிற்கிறவனுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

உள்ளே போய்க் கைக்கு வந்த பெட்டியை எடுத்து மாட்டினேன். மூன்றில் எது என்று பார்க்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு என் கைப்பேசியைக் கொடுத்தேன்.

"நான் அந்த வீட்டுக்குப் போறேன். போய்ச் சேந்ததும் இந்த எடத்துல அமுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"தம்பி வீட்டுக்கு."

அவள் என்னையும், கேட்டில் நிற்கும் தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள். 

தம்பியின் படுக்கையறைக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலிலேயே நின்றேன். அவள் உள்ளே போய்க் கட்டிலை ஒரு பக்கமாக இழுத்து எனக்குச் சுவரை விட்டுக் கொடுத்தாள். பிறகு அறைக்கு வெளியே வந்து ஹாலில் நின்றுகொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தேன். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி தப்பான இடத்தில் அமுக்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு முதுகில் வந்தது. முதலில் முதுகில், அப்புறம் வயிற்றில், அதற்குப் பிறகுதான் காதில். தாளம் இல்லை, கூவல் இல்லை, வேறு யாரும் இல்லை. அவன் மட்டும் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறான், விடுகிறான், மறுபடி இழுக்கிறான். இழுப்பதற்கு முன் அரை மூச்சு தாமதிப்பான், அது அவன் பழக்கம், அதுகூட அப்படியே இருந்தது. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. என் தம்பி. தோட்டத்துக் கோயில் வாசலில் என் பக்கத்தில் நின்று வாசித்த என் தம்பி. அவன் இறந்துவிட்டான். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேரிடம் சொல்லி அலைந்த செய்தி அது, எனக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் நிற்கவில்லை. அந்த மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ளிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. வலித்தது, நன்றாகவே வலித்தது.

ஹாலில் அவள் கைப்பேசி மணியடித்தது. என் மனைவி. உறுமலையும் மீறி அவள் கத்துவது எனக்கே கேட்டது.

"தங்கச்சி, கேக்குதான்னு அவர கேளு. சத்தம் போதுமா?"

தம்பி மனைவி கதவோரம் வந்து என்னைப் பார்த்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது. 

"மாமா அழுறாங்கக்கா," என்றாள் கைப்பேசியில். "இன்னும் கூட்டுங்க."